அரைப்பேர் போடும் வில்லன்: தொடர் நாவலில் அச்சத்தை வளர்ப்பது எப்படி

என்னுடைய ஃபேன்டசித் தொடரின் முதற்பாகத்தை எழுதி முடித்தபோது அதன் வில்லனுக்கு வயது பத்தாயிரம். அவன் மூச்சுவிட்டால் ஆறு உறையும். ஏழு கோட்டைகளை ஒரே இரவில் சாம்பலாக்கியவன். அவனுடைய கிரீடத்தை வருணிப்பதற்கு மட்டும் நான்கு பக்கங்களைச் செலவழித்திருந்தேன். தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் முப்பது வருடத்துக்கு மேல் தேயிலைக் கொழுந்தெடுத்து ஓய்வுபெற்ற என் அக்கா, அந்தக் கையெழுத்துப் பிரதியை இரண்டு நாட்களில் வாசித்து முடித்தார். பின்பு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "ஏன் தம்பி, இவன் இம்புட்டுச் சத்தம் போடுறானே, யாருக்கு என்னதான் செஞ்சான்?" என்று கேட்டார். நான் ஏழு கோட்டைகளை நினைவூட்டினேன். "அந்தக் கோட்டையில யாரு இருந்தா?" என்றார். என்னிடம் விடை இருக்கவில்லை.

பல பாகங்களாக நீளும் ஃபேன்டசிக் காவியத்தை எழுதத் தொடங்கியிருப்பவர்களுக்கும், எழுதிய பின்னர் தம்முடைய வில்லன் வரும் பக்கங்களில் வாசகர் கொட்டாவி விடுவதைக் கண்டவர்களுக்கும் இந்த வழிகாட்டி. அக்காவின் அந்த இரண்டு கேள்விகளுக்கும் ஒவ்வொரு பாகத்திலும் விடை சொல்ல முடிந்தால் உங்கள் வில்லன் அச்சுறுத்துவான். முடியாவிட்டால் அவனுக்கு எத்தனை கொம்பு வைத்தாலும் அவன் திருவிழாக் கடையில் தொங்கும் முகமூடிதான்.

முதலில் ஒரு கொப்பியை எடுத்து அதன் பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள். இடப்பக்கத்தில், வில்லனைப் பற்றி உங்கள் கதை சொல்லுகின்ற பெருமைகளையெல்லாம் எழுதுங்கள்: அவனுடைய ஆற்றல், படைபலம், அவனைப் பற்றிய முன்னறிவிப்புகள், அவன் பெயரைக் கேட்டதும் கிழவர்கள் நடுங்குவது. வலப்பக்கத்தில், பெயரும் முகமும் உள்ள ஒரு பாத்திரத்திடமிருந்து அவன் பறித்ததும், கதை முடியும் வரை திரும்பி வராததுமான ஒன்றை மட்டும் எழுதுங்கள். உயிராக இருக்க வேண்டும் என்பதில்லை. ஒரு கையாக, ஒரு நட்பாக, ஒரு வீட்டுக்குத் திரும்பிப் போகும் உரிமையாக இருக்கலாம். என்னுடைய கொப்பியில் இடப்பக்கம் நிறைந்து அடுத்த தாளுக்கும் போனது, வலப்பக்கத்தில் இரண்டு வரிகள் இருந்தன, அவற்றில் ஒன்று குதிரையைப் பற்றியது. இந்தக் கொப்பியைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். தொடர் முடியும் வரை அது வேண்டும்.

வலப்பக்கத்தை நிரப்புவது எப்படி என்பதுதான் இனி வரும் முழுப் பேச்சும்.

பறிக்கப்படப் போவதை முன்கூட்டியே வாசகரின் கையில் கொடுத்துவிட வேண்டும். இதை நான் எந்தப் பாடநூலிலும் படிக்கவில்லை, மாசி மாதத்துக் காமன் கூத்தில்தான் கண்டேன். மலையகத்துத் தோட்டங்களில் காமன் ஊன்றிய நாளிலிருந்து மாலைதோறும் மக்கள் கூடுவார்கள். கடைசி இரவு விடிய விடிய நடக்கும். சிவனுடைய தவத்தைக் கலைக்கப் போகும் மன்மதன் நெற்றிக்கண்ணால் எரிக்கப்படுவான் என்பது அங்கே குந்தியிருக்கும் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். போன வருடமும் எரிந்தான், அதற்கு முந்திய வருடமும் எரிந்தான். ஆனாலும் ரதி தான் கண்ட கெட்ட கனவைச் சொல்லி, போக வேண்டாம் என்று வழிமறித்துப் பாடும்போது, கம்பளியைப் போர்த்திக்கொண்டிருக்கும் பெண்கள் வாயைப் பொத்திக்கொள்கிறார்கள். அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாமையே அச்சத்தைத் தருகிறது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். திடீர்த் திருப்பங்களை அடுக்குகிறோம். கூத்துக் களத்தில் நடப்பது அதற்கு நேர் எதிரானது. முடிவு தெரிந்திருப்பதால்தான் ரதியின் ஒவ்வொரு சொல்லும் கனக்கிறது. மன்மதனாக ஆடுபவன் நேற்று வரை நம்மோடு மலையில் நின்ற, அடுத்த லயத்துப் பையன், தொழிலாளர் வரிசைவீட்டுப் பிள்ளை, என்பதும் ஒரு காரணம்.

இதை எழுத்தில் செய்வதற்கு ஓர் எளிய முறை உண்டு. வில்லன் பறிக்கப்போகும் பொருளோ ஆளோ எதுவாக இருந்தாலும், பறிபோகும் காட்சிக்கு முன்பு குறைந்தது மூன்று இடங்களில் அது அன்றாட வாழ்வில் பயன்படுவதைக் காட்டுங்கள். புகழ்ந்து காட்ட வேண்டாம். அந்தக் கிழவர் எப்போதும் தேநீரில் சீனி போடாமல் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு குடிப்பார் என்பது போதும். மூன்றாவது முறை வாசகர் தாமாகவே கருப்பட்டியை எதிர்பார்ப்பார். நான்காவது முறை கருப்பட்டி மட்டும் இருக்கட்டும்.

இனி வில்லனின் இருப்பிடம். அவன் எங்கே இருக்க வேண்டும்? பெரும்பாலான புதிய எழுத்தாளர்கள் அவனை ஐந்தாவது அத்தியாயத்திலேயே சிம்மாசனத்தில் உட்கார வைத்துப் பேச வைத்துவிடுகிறார்கள். 1954, 1955 ஆகிய ஆண்டுகளில் மூன்று தொகுதிகளாக வெளிவந்த 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' நாவலில் வில்லனான இருள் அரசன் சவுரோன் நேரடியாக ஒரு காட்சியிலும் நம் முன்னால் வந்து நிற்பதில்லை. தொடக்கத்தில் வருவதெல்லாம் கறுப்பு அங்கி போட்ட ஒரு குதிரைக்காரன் மட்டுமே. அவன் நாயகன் ஃபுரோடோவின் அயலில் இருக்கும் கிழவரிடம், அந்த வீட்டுக்காரர் இருக்கிறாரா என்று விசாரிக்கிறான். ஃபுரோடோவின் காதில் தெளிவாக விழுவது கிழவர் சொல்லும் மறுமொழி மட்டுமே. கேட்டவனுடைய குரல் விழுகிறது, சொற்கள் பிடிபடவில்லை. பின்பு பாதையில் அதே குதிரைக்காரன் நின்று காற்றை மோந்து பார்க்கிறான். வாளும் இல்லை, தீயும் இல்லை. வீட்டு முகவரியை விசாரித்து ஒருவன் வந்திருக்கிறான், அவ்வளவுதான். லயத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்த அச்சத்தை விளக்க வேண்டியதில்லை. அந்தி நேரத்தில் அறிமுகமில்லாத ஒருவர் பக்கத்துக் காம்பராவில் நம்முடைய அப்பாவின் பெயரைச் சொல்லிக் கேட்டார் என்றாலே வீட்டில் சோறு இறங்காது.

நம்முடைய வரலாறும் இதையே சொல்கிறது. தோட்டத்துச் சொந்தக்காரர்களில் பலர் லண்டனில் இருந்தார்கள். கொழுந்தெடுத்தவர்களில் எவரும் அவர்களைக் கண்டதில்லை. அவர்களுடைய கைகளைத்தான் கண்டார்கள்: துரையை, கணக்கப்பிள்ளையை, பெரிய கங்காணியை. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் கடனைத் தீர்த்ததற்கான துண்டு வேண்டும். அந்தக் கடனை ஏற்றி எழுதியவர் கங்காணி, துண்டு இல்லாதவரை வேறு தோட்டம் எடுக்காது. துண்டு முறை 1921 இல் சட்டப்படி ஒழிக்கப்பட்டது என்றாலும், உள்ளங்கை அளவுத் தாளொன்று ஒரு மலையைச் சிறையாக்கிய கதையைப் பாட்டிமார் சொல்லி நாம் கேட்டிருக்கிறோம். உங்கள் இருள் அரசனுடைய ஆயிரம் அடிக் கோபுரத்தைவிட அந்தத் தாள் அச்சமூட்டுவது ஏன் என்று ஒரு நாள் உட்கார்ந்து யோசித்துப் பாருங்கள். கோபுரம் தொலைவில் இருக்கிறது. தாள் இல்லாமல் நாளைக்குக் காலையில் எங்கும் போக முடியாது.

ஆகையால் வில்லனைத் தொலைவில் வையுங்கள், அவனுடைய ஏற்பாடுகளைப் படலை வாசலில் வையுங்கள். ஏற்பாடு என்று நான் சொல்வது, அவன் தூங்கும் நேரத்திலும் தானாக இயங்கிக்கொண்டிருக்கும் ஒரு விதி, ஒரு வரி, ஒரு பதிவேடு.

இதைச் செய்துகாட்டுவதற்கு என் இரண்டாம் பாகத்தைத் திருத்திய விதத்தைச் சொல்கிறேன். பத்தாயிரம் வயது ஆசாமியை அகற்றிவிட்டு, அவனுடைய இடத்தில் ஏடாளன் என்றொருவனை வைத்தேன். மூடுபனி சூழ்ந்த அந்த நாட்டில் மக்களுடைய பெயர்களெல்லாம் அவனுடைய ஏட்டில் இருக்கின்றன. நம்முடைய தோட்டங்களில் ஒரு நாள் வேலையைப் 'பேர்' என்கிறோம். நிர்ணயித்த நிறைக்குக் கொழுந்து எடுக்காத நாளில் செக்றோல் என்ற வேலைப் பதிவேட்டில் அரைப்பேர் விழுகிறது. கொழுந்து மடுவத்திலிருந்து திரும்பும்போது "இன்னைக்கு அரைப்பேருதான்" என்று அக்கா சொல்லும் குரல் எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது. சம்பளத்தில் பாதி என்பதைவிட ஆளில் பாதி என்றே அது சிறுவயதில் எனக்குக் கேட்டது. ஏடாளனின் நாட்டில் அப்படியே நடக்கட்டும் என்று விட்டுவிட்டேன். நிறை குறைந்தவருடைய பெயரில் பாதியை எழுத்தன் அடித்துவிடுவான். அடிக்கப்பட்ட பாதி எல்லோருடைய நினைவிலிருந்தும் போய்விடும்.

முதல் வரைவில் அந்தக் காட்சியை இப்படி எழுதியிருந்தேன்: 'ஏடாளனின் கொடிய எழுத்தன் தன் எழுத்தாணியை ஓங்கினான். பேரிடி முழங்கியது. பொன்னம்மா அலறித் துடித்தாள். அவளுடைய பெயரின் பாதி என்றென்றைக்குமாக அழிந்தது.' கொடிய, பேரிடி, அலறித் துடித்தாள், என்றென்றைக்குமாக. நான்கு இடங்களில் நானே வாசகரின் தோளைப் பிடித்து உலுக்கி, பயப்படு என்கிறேன்.

திருத்தியது இது: 'தராசு முள் நின்றது. எழுத்தன் பெருமூச்சு விட்டான். அவனுக்கும் அன்று நேரமாகிவிட்டிருந்தது. "கொஞ்சந்தான் குறையுது, என்ன செய்ய" என்று சொல்லிவிட்டு ஒரு கோடு போட்டான். பொன்னம்மா கூடையைக் கவிழ்த்துத் தட்டி, தலையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். வாசலில் மகன் நின்றிருந்தான். ஓடி வந்தவன் பாதியில் நின்றுவிட்டான். வாயைத் திறந்தான். எப்படிக் கூப்பிடுவது என்று அவனுக்குத் தெரியவில்லை.'

பொன்னம்மாவிலிருந்து போன பாதி எது என்பதை நான் சொல்லவில்லை. தமிழில் வாசிப்பவருக்குச் சொல்ல வேண்டியதும் இல்லை. எழுத்தன் கொடியவனாக இல்லாததையும் கவனியுங்கள். அவன் களைத்துப்போன, வீட்டுக்குப் போக அவசரப்படுகிற ஒரு மனிதன். கொடியவனாக இருந்தால் அவனைக் கொன்றால் கதை தீர்ந்தது. களைத்தவனாக இருந்தால் அவனுக்குப் பதிலாக நாளைக்கு இன்னொருவன் அதே கதிரையில் உட்காருவான்.

வில்லன் மனிதனாகத்தான் இருக்க வேண்டுமா என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டியதில்லை, ஆனால் இயற்கைப் பேரழிவை வில்லனாக்குபவர்கள் பெரும்பாலும் அதை ஒரே நாளில் கொட்டிவிடுகிறார்கள். நம்முடைய மலைகளில் தேயிலைக்கு முன்பு கோப்பிதான் இருந்தது. 1869 இல் கோப்பி இலைகளின் அடிப்பக்கத்தில் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு பொடி தென்பட்டது; விரலால் துடைத்தால் ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். தொடக்கத்தில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாத தோட்டக்காரர்கள் பலர், அடுத்த பருவம் நல்ல விளைச்சல் வரும் என்றே நம்பினார்கள். அந்தப் பூஞ்சணம் காற்றில் பரவியது. 1880 களின் தொடக்கத்தில் ஹாரி மார்ஷல் வார்ட் என்ற தாவரவியலாளர் இங்கே தங்கி அதை ஆராய்ந்து, அது பரவும் விதத்தை விளக்கினார். விளக்கம் கிடைத்தபோது காப்பாற்றுவதற்குக் கோப்பி அதிகம் மிஞ்சியிருக்கவில்லை. தொடர் நாவலுக்கு இதைவிடச் சிறந்த வரைபடம் இல்லை. முதற்பாகத்தில் ஓர் இலையின் அடிப்பக்கத்தில் பொடி. அதைப் பார்த்தவர் துடைத்துவிட்டுப் போகிறார். இரண்டாம் பாகத்தில் பக்கத்து மலை. மூன்றாம் பாகத்தில் உண்மை தெரிகிறது, நேரம் கடந்துவிட்டது. வாசகருக்கு முதற்பாகத்தின் பொடி நினைவுக்கு வரும் கணத்தில்தான் முதுகு சில்லிடும். ஆகவே அந்தப் பொடியை அவர் மறக்கும் அளவுக்குச் சிறியதாகவும், பின்பு நினைவுகூரும் அளவுக்கு நிறமுள்ளதாகவும் எழுதுங்கள்.

தொடருக்கே உரிய நோயொன்று உண்டு. ஒவ்வொரு பாகத்தின் முடிவிலும் நாயகன் ஏதாவது ஒன்றில் வென்றாக வேண்டும். வெல்லும் ஒவ்வொரு தடவையும் வில்லன் கொஞ்சம் கோமாளியாகிறான். மூன்றாவது தடவை தோற்றவனுக்கு நாலாம் பாகத்தில் எவரும் பயப்படுவதில்லை. 1990 இலிருந்து 2013 வரை பதினான்கு பாகங்களாக வெளிவந்த 'வீல் ஆஃப் டைம்' தொடரில் இருளின் சேனைத் தலைவர்கள் சிலர் கொல்லப்பட்ட பின்னும் வேறு உடல்களில் மீண்டும் எழுப்பப்படுகிறார்கள். எதிரிக்கு மரணமில்லை என்பது கேட்பதற்கு அச்சமூட்டும் யோசனைதான். என் வாசிப்பில் அது எதிர்மாறாகவே வேலை செய்தது. அவர்களுடைய சாவுக்கு மதிப்புப் போனதும், அவர்களை வீழ்த்தியவர்களின் பாடும் மதிப்பிழந்தது. அந்தத் தொடரை நேசிப்பவர்கள் என்னோடு சண்டைக்கு வரலாம், வரட்டும்.

மீண்டும் காமன் கூத்துக்கு வருகிறேன். எரிந்த மன்மதனும் திரும்பி வருகிறான். ரதியின் அழுகைக்கு இரங்கிய சிவன் அவனை எழுப்பித் தருகிறார். ஆனால் உருவமற்றவனாக, ரதியின் கண்ணுக்கு மட்டும் தெரிபவனாக. திரும்பி வந்தவன் போனவன் அல்லன். எவரையாவது, நாயகனையோ வில்லனையோ, சாவிலிருந்து மீட்டுக்கொண்டு வர வேண்டிய நிலை உங்களுக்கு வந்தால், இந்தக் கணக்கைப் பின்பற்றுங்கள்: மீட்பின் விலையை அதே அத்தியாயத்தில் காட்டி, கடைசிப் பாகம் வரை அந்த விலையைத் தள்ளுபடி செய்யாதீர்கள்.

வில்லன் தோற்கும்போது அவன் எதையாவது கற்றுக்கொள்ள வேண்டும், அல்லது நாயகன் எதையாவது விட்டுவிட்டு வர வேண்டும். இரண்டில் ஒன்று கட்டாயம். கம்பராமாயணத்தில் முதல் நாள் போரில் ஆயுதமிழந்து நிற்கும் இராவணனை இராமன் இன்று போய் நாளை வரும்படி அனுப்பிவிடுகிறான். சீதா எலியவுக்கும் இராவணன் அருவிக்கும் இடையில் வாழும் நமக்கு அந்தத் தோல்வி கொஞ்சம் சொந்தத் தோல்வி போலத்தான் இருக்கும். ஆனால் அவன் வெட்கத்தோடு திரும்பியதோடு போர் இளைக்கவில்லை. கும்பகருணன் வருகிறான், இந்திரசித்து வருகிறான். நாகபாசத்தில் இலக்குவன் வீழ்கிறான். தலைவன் தோற்றதனால் அவனுடைய வீட்டிலிருந்து மேலும் நெருக்கமானவர்கள் களத்துக்கு வர நேர்கிறது. வருகிற ஒவ்வொருவனும் இரண்டு பக்கத்துக்கும் விலையைக் கூட்டுகிறான். தமிழ்ச் சொல்லின்படி பார்த்தால் அந்தக் கதையில் வில்லன், அதாவது வில்லை உடையவன், இராமன்தான். சொல் எங்கிருந்து வந்ததோ, நம்முடைய எதிரிகளைக் கொஞ்சம் மரியாதையோடு எழுதவேண்டும் என்று அது ஞாபகப்படுத்துவதாக நான் எடுத்துக்கொள்கிறேன்.

நாயகர்களைக் கொல்வது பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 1996 இல் வெளிவந்த 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' நாவலில் நெட் ஸ்டார்க்கின் தலை போனபின்னர், தலைகளை வெட்டினால் போதும் என்று நினைக்கும் ஒரு பரம்பரையே உருவாகிவிட்டது. அந்தச் சாவு உறைப்பது அவன் முக்கியமானவன் என்பதால் மட்டுமல்ல. அவனுடைய நேர்மையிலிருந்தே, ஒன்றன்பின் ஒன்றாக, தவிர்க்க முடியாதபடி அது விளைகிறது. காரணமில்லாத சாவுகளை அடுக்கினால் வாசகர் புதிய பாத்திரங்களை நேசிப்பதையே நிறுத்திக்கொள்வார், அதன்பின் உங்களுடைய வில்லனுக்குப் பறிப்பதற்கு ஒன்றும் இராது. வில்லனுடைய நீண்ட உரைகள், அட்டகாசச் சிரிப்பு, பளபளக்கும் சிவந்த கண்கள் ஆகியவற்றை வெட்டிவிடுங்கள்.

எழுதியதைச் சோதிப்பதற்கு, ஃபேன்டசியே வாசிக்காத ஒருவருக்கு வில்லன் தோன்றாத, ஆனால் அவனுடைய ஏற்பாடு இயங்குகிற அத்தியாயமொன்றை வாய்விட்டு வாசித்துக் காட்டுங்கள். 'எப்படி இருக்கிறது' என்று கேட்க வேண்டாம். நம்முடைய ஆட்கள் முகத்துக்கு நேரே 'நல்லாருக்கு' என்றுதான் சொல்வார்கள். பேசாமல் கொப்பியை மூடிவிட்டு, அவர் முதலில் யாரைப் பற்றிக் கேட்கிறார் என்று பாருங்கள். வில்லனின் சக்தியைப் பற்றிக் கேட்டால் நீங்கள் இன்னும் இடப்பக்கத்திலேயே நிற்கிறீர்கள்.

திருத்திய பகுதியை ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். வெளியே மழை இறங்கி, எதிர் மலை தெரியவில்லை. அக்கா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார், எழுந்து அடுப்படிக்குப் போனார், கேத்திலை வைத்துவிட்டுத் திரும்பி வந்து வாசற்படியில் நின்றார்.

"தம்பி, அந்தப் புள்ளை பெறகு எப்படித்தான் கூப்பிட்டுச்சு?"

அதற்கும் என்னிடம் விடை இருக்கவில்லை. கடைசிப் பாகத்தின் கடைசி அத்தியாயம் வரை அதை எழுதுவதில்லை என்று கொப்பியின் வலப்பக்கத்தில் குறித்துக்கொண்டேன்.